பூட்டுக்கு ஒரு 'ம்'

அதை இழுக்காதீங்க அக்கா. இழுத்தா வராது. நான் இழுத்துப் பார்த்துட்டேன், வாட்ச்மேன் இழுத்துப் பார்த்துட்டாரு. ரெண்டாவது மாடித் தாத்தா செருப்பைக் கழட்டி வச்சுட்டு, ஒரு காலை வாஷிங் மெஷின் மேல ஊனி இழுத்துப் பார்த்தாரு. இப்ப மாடில படுத்திருக்காரு, இடுப்புக்குத் தைலம் தடவிக்கிட்டு இருக்காங்களாம். கதவு மட்டும் அப்படியேதான் இருக்கு. உள்ள பாதி வரைக்கும் தண்ணி, மேல இந்தச் சின்ன விளக்கு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு. நானும் படுக்கை விரிப்பைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு நேரமா நிக்கறேன் தெரியுமா... சரி, அதை விடுங்க.

உள்ள கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு நீலமா தெரியுதே, அது உங்களுதா? ...யூனிஃபார்மா? ஓ, நர்ஸா நீங்க? சொல்லவே இல்லையே. எப்ப போடணும்? ...இன்னிக்கேவா. முதல் நாளா. மத்தியானமே போய் நிக்கணுமா. இன்னொரு செட்டு இருக்குமே? ...டெய்லர் இன்னும் குடுக்கலையா. அதானே, டெய்லர்னா அப்படித்தான், அவங்க குடுக்கற தேதியெல்லாம் சும்மா நம்ம மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு சொல்றது.

கவலைப்படாதீங்க. உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்கு ஒரு கால் கோணல். இஸ்திரி மேஜை மேலயே உக்காருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பக்கத்து மெஷினைப் பார்க்காதீங்க, அது பழுது. 'பழுது'ன்னு பேப்பர் ஒட்டினவரு போன மாசம் வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிட்டாரு, பேப்பர் மட்டும் இருக்கு. இருக்கறது இந்த ஒண்ணுதான்.

இதுக்கு யாரு காரணம்னு கேட்டா, எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. வாட்ச்மேன் சொல்றாரு, நாலாவது மாடி ரெட்டைப் பசங்க பட்டனையெல்லாம் மாத்தி மாத்தி அமுக்கிட்டாங்களாம். ரெட்டைப் பசங்களோட அம்மா சொல்றாங்க, வாட்ச்மேன் தன்னோட மிதியடியைப் போட்டுத் துவைச்சாராம். நான் என்ன சொல்றேன்னா... தப்பா நினைக்காதீங்க அக்கா, நீங்க பவுடரைக் கொஞ்சம் தாராளமா போட்டுட்டீங்களோன்னு நினைச்சேன். நுரையைப் பாருங்க. ...சரி, ஒரு கரண்டிதான் போட்டேன்னு சொன்னா ஒரு கரண்டிதான். கரண்டில எத்தனையோ சைஸ் இருக்கு.

மெஷின் மேல குத்தம் இல்ல. அதை நான் அடிச்சுச் சொல்லுவேன். ஏன்னா இதுக்குள்ள ஓடற ப்ரோக்ராமை எழுதறதே எங்க ஆபீஸ்தான். ஆமா. உங்களுக்கு யாரும் சொல்லலையா? இந்த மெஷினே என்னாலதான் இங்க வந்துச்சு. நம்ம பில்டிங் செக்ரட்டரி பழைய மெஷினே போதும்னு ஒரே பிடிவாதம். மீட்டிங்ல நான் எழுந்து நின்னு சொன்னேன், எங்க ஆபீஸ் ப்ரோக்ராம் ஓடற மெஷின், பாதி விலைக்கு வாங்கித் தரேன், ஒரே ஒரு கண்டிஷன், புதுசா ப்ரோக்ராம் எது வந்தாலும் எல்லா ஊருக்கும் போறதுக்கு முன்னாடி முதல்ல நம்ம மெஷினுக்குத்தான் வரும்னு. எல்லாரும் கை தட்டினாங்க. செக்ரட்டரி தட்டல. இன்னிக்குக் காலைலகூட புதுசு ஒண்ணு ஏறியிருக்கு. ஸ்க்ரீன்ல ஒரு நிமிஷம் எங்க கம்பெனி முத்திரை வந்துட்டுப் போச்சாம், வாட்ச்மேன் பார்த்திருக்காரு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, ஏன்னா இந்தத் தடவை ஏறினதுல என் கை இருக்கு.

நான் என்ன வேலைன்னு கேட்டா எங்க சொந்தக்காரங்களுக்கே தெரியாது. ஒரு கல்யாண வீட்ல சித்தி கேட்டாங்க, 'நீ என்னம்மா பண்ற'ன்னு. டிரைவர் எழுதறேன் சித்தின்னு சொன்னேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பொம்பளப் புள்ள, ராத்திரில ஓட்டாதம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அது வேற ஒண்ணுமில்ல அக்கா. இந்த மெஷினுக்குள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு. அதுல எல்லாத்தையும் நடத்தி வைக்கறது ஒண்ணு, கல்யாண வீட்டுப் பெரிய மாமா மாதிரி. பெரிய மாமா தானா போய் அடுப்பைப் பத்த வைக்க மாட்டாரு இல்லையா? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆளு வச்சிருப்பாரு. தண்ணிக் குழாய்கிட்டப் பேச ஒரு ஆளு, மோட்டார்கிட்டப் பேச ஒரு ஆளு, இந்தக் கதவுப் பூட்டுகிட்டப் பேச ஒரு ஆளு. அந்த ஆளுங்க பேருதான் டிரைவர். பூட்டுகிட்டப் பேசற ஆளு இருக்கானே, அவனைத்தான் நான் இப்ப ரெண்டு வாரமா குளிப்பாட்டி, தலை சீவி, சட்டை மாட்டி விட்டேன்.

ஏன்னு கேளுங்க. ...கேட்கலன்னாலும் சொல்றேன், கதவு எப்படியும் இப்போதைக்குத் திறக்காது.

எங்க ஆபீஸ்ல மீசை சார்னு ஒருத்தர் இருக்காரு. அவர் பேரு வேற என்னமோ, சம்பளச் சீட்டுல மட்டும்தான் வரும். அந்தப் பூட்டு டிரைவரை அவர்தான் எழுதினாரு. நல்ல மனுஷன், கெட்ட மனுஷன்னு நான் சொல்ல வரல. ஆனா அவர் எழுதினதை நீங்க பார்க்கணும். வரியெல்லாம் மழைல நனைஞ்ச கோழி மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கும். ஒரு வரி ஸ்க்ரீனுக்கு உள்ள ஆரம்பிச்சு பக்கத்து ஸ்க்ரீன்ல போய் முடியும், படிச்சு முடிக்கறதுக்குள்ள கழுத்து சுளுக்கிக்கும். ஒரு இடத்துல தள்ளி எழுத டேப் போட்டிருப்பாரு, அடுத்த வரில ஸ்பேஸ் போட்டிருப்பாரு, அதுக்கடுத்த வரில ரெண்டும் போட்டிருப்பாரு, ஏதோ கூட்டு வைக்கற மாதிரி. பேரு வைக்கறதுல இன்னும் விசேஷம். ஒரு மதிப்பைக் கொஞ்ச நேரம் வச்சுக்க 'டெம்ப்'னு ஒரு பேரு. சரி. அடுத்து 'டெம்ப்2'. சரி. அடுத்து 'டெம்ப்டெம்ப்'. ஏன் சார் இப்படின்னு கேட்டேன். 'அது ரெண்டையும் சேர்த்து வைக்கற இடம்மா'ன்னாரு. ரொம்ப நிதானமா சொன்னாரு.

எனக்கு இதெல்லாம் பார்த்தா சோறு இறங்காது அக்கா. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். எங்க வீட்ல செருப்பு நேரா இல்லன்னா நான் தூங்க மாட்டேன். அதனால நானே போய்க் கேட்டேன், இதைச் சுத்தம் பண்ணட்டுமான்னு. மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, 'யாரும் கேக்காம நீயே கேக்கறியே, பண்ணும்மா'ன்னாரு.

எங்ககிட்ட ஒரு சோதனை ப்ரோக்ராம் இருக்கு. எங்க ஆபீஸ்ல வரி எழுதற ஸ்டைல் என்னவோ அதுக்கு ஒத்து வரலன்னா ஒவ்வொரு வரிக்கும் ஒரு எச்சரிக்கை அடிக்கும். மீசை சார் எழுதினதை அதுக்குள்ள போட்டேன். பாவம், அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நான் போய் டீ குடிச்சுட்டு வந்தேன், அப்பவும் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு வாரம். ஒவ்வொண்ணா எடுத்தேன். கடைசில ஒரு நாள் சாயங்காலம், எச்சரிக்கை பூஜ்யம். அதை நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். இருங்க, காட்டறேன்... இதோ. ...அது பூஜ்யம்தான் அக்கா. ...ஆமா, வேற ஒண்ணும் இல்ல அதுல. அதுதான் விஷயமே.

நீங்க நல்லா 'ம்' சொல்றீங்க. பரவாயில்ல, சொல்லுங்க, நீங்க புதுசு.

இல்ல, ஏன் சொல்றேன்னா, எங்க வீட்டுக்காரருக்கும் இதே பழக்கம். நான் என்ன பேசினாலும் 'ம்'. இன்னிக்கு லிஃப்ட் ஓடலங்க, 'ம்'. உங்க அம்மா போன் பண்ணாங்க, 'ம்'. சோத்துல கல்லு, 'ம்'. என் தலைமுடி பத்திக்கிச்சுன்னு சொல்லிப் பார்த்தேன் ஒரு நாள். 'ம்'. எட்டு வருஷமா நான் ஒரு 'ம்'மோட குடும்பம் நடத்தறேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தச் சுத்தம் பண்ற வேலைல நடுவுல ஒரு வரி வந்துச்சு அக்கா. அதைப் பார்த்ததும் எனக்கு இவர் ஞாபகம்தான் வந்துச்சு. என்ன வரின்னா, பூட்டுக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கு. அந்தச் சிப்புக்குள்ள ஒரு டப்பா. பூட்டு ஏதாவது சொல்லணும்னா அந்த டப்பாக்குள்ள போட்டு வைக்கும். மீசை சார் என்ன பண்ணியிருக்காரு, ஒரு இடத்துல டப்பாவைத் திறந்து, உள்ள இருக்கறதை எடுத்து வாசிச்சு, சரி, வாசிச்சதை என்ன பண்ணினாரு? ஒண்ணும் பண்ணல. எங்கயும் வச்சுக்கல, யாருகிட்டயும் குடுக்கல, பெரிய மாமாகிட்டச் சொல்லல. வாசிச்சாரு, அப்படியே விட்டுட்டாரு. அதுவும் அதுக்கு ரெண்டு வரி முன்னாடிதான் அதே விஷயத்தை வேற டப்பால வாசிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் இது எதுக்கு? சோதனை ப்ரோக்ராமும் அதைத்தான் சொல்லுது, 'வாசித்த மதிப்பு எங்கும் பயன்படவில்லை'.

இதுக்கு மேல ஒரு குறிப்பு வேற. அந்த வரிக்கு ஏன் எதுக்குன்னு எழுதி வைக்கறதுக்குத்தான் குறிப்பு. இவர் எழுதியிருக்கறது ஒரே வார்த்தை, 'தொடாதே'. நீங்களே சொல்லுங்க, இது குறிப்பா? ஏன் தொடக்கூடாது, தொட்டா என்ன ஆகும், யாரு தொடக்கூடாது, ஒண்ணும் இல்ல. ஊறுகாய் ஜாடி மேல எழுதற மாதிரி 'தொடாதே'. எங்க ஸ்டைல் புத்தகத்துல தெளிவா போட்டிருக்கு, காரணம் சொல்லாத குறிப்பு இருக்கக் கூடாதுன்னு. குறிப்பை எடுத்தேன். குறிப்பை எடுத்ததும் அந்த வரி அநாதையா நின்னுச்சு. அதையும் எடுத்தேன்.

அன்னிக்கு வீட்டுக்குப் போன கையோட எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். மனசுல இருக்கறப்பவே சொல்லிடணும் இல்லையா? ஏங்க, நீங்க சொல்ற 'ம்'முக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா? நான் சொன்னதை வச்சு என்ன பண்றீங்க? ஒண்ணும் பண்றதில்ல. அப்ப எதுக்கு அந்தச் சத்தம்? சொல்றதுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க, இல்லன்னா சும்மா இருங்கன்னு சொன்னேன். கோபமா சொல்லல அக்கா, சாதாரணமாத்தான் சொன்னேன். அவரு 'ம்'னு சொல்ல வாயெடுத்தாரு, அப்புறம் மூடிக்கிட்டாரு.

அன்னில இருந்து வீடு எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா. ஒரு வீண் சத்தம் கிடையாது. நான் பேசறேன், முடிக்கறேன், அவ்வளவுதான். என்ன ஒண்ணுன்னா, அவர் அந்த ரூம்ல இருக்காரா இல்லையான்னு சில சமயம் தெரிய மாட்டேங்குது. முந்தாநேத்து ராத்திரி சாப்பிடறப்ப எங்க மேனேஜர் கதையை ஆரம்பிச்சு, நடுவுல ரசம் ஊத்தி, முழுசா சொல்லி முடிச்சிட்டு நிமிர்ந்து பார்த்தா எதிர்ல தட்டு மட்டும் இருக்கு. எப்ப எழுந்து போனாரோ. கதையை யாருக்குச் சொன்னேன்னு இப்ப வரைக்கும் தெரியல. நேத்து மாமியார் போன் பண்ணி, 'ஏம்மா, அவனுக்கு உடம்பு சரியில்லையா, போன்ல பேசினா கட் ஆன மாதிரியே இருக்கு'ன்னாங்க. உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்காரு. சுத்தமா இருக்காருன்னு சொன்னேன்.

வீட்ல பேசினா சரிப்பட்டு வரலன்னுதான் துணியைத் தூக்கிக்கிட்டு அடிக்கடி கீழ வந்துடறேன். இங்க வந்தா யாராவது இருப்பாங்க.

எங்க விட்டேன்? ஆங், சுத்தம் பண்ணினதை மீசை சார் பார்த்து சரின்னு சொல்லணும். அதுதான் எங்க முறை, ஒருத்தர் மாத்தினா இன்னொருத்தர் பார்க்கணும். நானும் முறைப்படி மேல எழுதினேன், 'ஸ்டைல் மட்டும் சரி செய்யப்பட்டது, நடத்தையில் எந்த மாற்றமும் இல்லை'ன்னு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. அந்த ஒரு வரியைப் பார்த்தா, பார்க்கறவங்களுக்கு மனசு லேசாயிடும். பெட்டி மேல 'பழைய துணி'ன்னு எழுதி ஒட்டிட்டா யாராவது பிரிச்சுப் பார்ப்பாங்களா? மாடிக்கு ஏத்திடுவாங்க. மீசை சார் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே சரின்னு போட்டுட்டாரு. 'நல்லா இருக்கும்மா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு'ன்னு ஒரு வரி வேற. சோதிச்சும் பார்த்தாச்சு. ஆபீஸ்ல நிஜப் பூட்டு கிடையாது, பூட்டு மாதிரி நடிக்கற ஒரு ப்ரோக்ராம் இருக்கு. அது எப்பக் கேட்டாலும் 'எல்லாம் நலம்'னு சொல்லும். அன்னிக்கும் நலம்னுதான் சொல்லுச்சு.

என்னக்கா, மணியை மணியைப் பார்க்கறீங்க. இருங்க, அந்த விளக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம், எனக்குப் படிக்கத் தெரியும். மீசை சார்தான் அந்தக் கண்ணடிக்கிற பாஷையையும் வச்சாரு, அதுலயும் ஒரு ஒழுங்கு கிடையாது. ரெண்டு தடவை சின்னதா, ஒரு தடவை நீளமா. ரெண்டு சின்னது, ஒரு நீளம். அப்படின்னா தண்ணி இல்லன்னு அர்த்தமில்ல. மோட்டாரும் இல்ல. ரெண்டு சின்னது ஒரு நீளம்னா... பூட்டு. பூட்டோட பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. பாருங்க, முதல் தடவை பூட்டு 'பூட்டிட்டேன்'னு சொல்லியிருக்கு, அதனாலதான் தண்ணி ஏறியிருக்கு. நடுவுல ஒரு தடவை மெஷின் திரும்பக் கேக்கும், 'இன்னும் பூட்டித்தான் இருக்கியா'ன்னு. அதுக்குப் பதில் வரல. பதில் வராம தண்ணியை இறக்காது, கதவையும் விடாது. ஏன் பதில் வரலன்னா, டப்பால ஏற்கெனவே போட்டது அப்படியே...

டப்பால அப்படியே...

...ஒண்ணுமில்ல அக்கா. ஒரு போன் மட்டும் பண்ணிக்கறேன்.

சார், வணக்கம் சார். நான்தான் சார். ...ஆமா சார், டேப்-ஸ்பேஸ் பொண்ணுதான். லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். சாப்டாச்சா சார்? ...அப்படியா, சந்தோஷம். இல்ல சார், சும்மாதான், ஒரு சின்ன சந்தேகம். பூட்டு டிரைவர்ல... ஆமா சார், உங்களுது. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார், நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். இப்பக்கூட ஒரு அக்காகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதுல நடுவுல ஒரு வரி இருந்துச்சு, டப்பாவை வாசிச்சுட்டுச் சும்மா விடற வரி, மேல 'தொடாதே'ன்னு. அது எதுக்கு சார்? ...உங்களுக்கே ஞாபகம் இல்லையா. ...இல்ல சார், 'இருந்துச்சு'ன்னா, இருந்துச்சு சார். ...இப்ப இல்ல சார். ...நான்தான் சார். ...நீங்க பார்த்து சரின்னு போட்டீங்களே சார், கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குன்னு. ...படிக்கலையா. ...இல்ல சார், மாற்றம் இல்லைன்னு எழுதியிருந்தது வாஸ்தவம். எழுதினது நான்தான். ...

இருக்கேன் சார். யோசிங்க. ...

...ஓ. ...ஓ. ...அப்படியா சார். அதை வாசிச்சாதான்... சரி சார். ...இல்ல சார், எங்க பில்டிங்லதான். ...ஒரு மெஷின்தான் சார் இதுவரைக்கும். மத்த ஊருக்கு எப்ப போகுது? ...நாளைக்குக் காலைலயா. சார், அதை நிறுத்தி வைங்க சார், நான் இன்னிக்கே அந்த வரியைத் திரும்பப் போட்டுடறேன். ...சரி சார். கீழ மூடியைத் திறந்து தண்ணியை இறக்கிட்டு, ப்ளக்கைப் பிடுங்கிட்டு, பூட்டு சூடு ஆறுற வரைக்கும்... சரி சார். ரொம்ப நன்றி சார். சார், அந்தக் குறிப்புல காரணத்தையும் எழுதி வச்சிருக்கலாம் சார். ...போனை வச்சுட்டாரு.

அக்கா, கொஞ்சம் அந்த பேசினை இப்படித் தள்ளுங்க. என் விரிப்பையெல்லாம் கீழ போடுங்க, பரவாயில்ல. ப்ளக்கைத் தொடாதீங்க, முதல்ல தண்ணி. தண்ணியோட கதவு திறந்தா நாம ரெண்டு பேரும் துவைச்ச துணி ஆயிடுவோம். இதோ இந்த மூடி... நகம் போச்சு. இதோ வந்துடுச்சு. இந்தச் சின்னக் குழாயை பேசினுக்குள்ள விடணுமாம்... வருது, வருது. பிடிச்சுக்கங்க. நிரம்பினா அந்த மூலைல ஊத்துங்க, அங்க ஓட்டை இருக்கு.

மெதுவாத்தான் இறங்கும். அதுக்குள்ள சொல்லிடறேன்.

விஷயம் என்னன்னா, அந்த வரி வாசிக்கறதுக்காக இல்லையாம் அக்கா. அந்தப் பூட்டு சிப் இருக்கே, அது டப்பால ஒரு சேதியைப் போட்டுட்டு அப்படியே நின்னுக்கிட்டு இருக்குமாம். யாராவது அதை எடுத்துப் பார்க்கணும். பார்த்து என்ன பண்றோம்னு அதுக்குக் கவலையே இல்ல. யாரோ எடுத்துப் பார்த்தாச்சு, கேட்டாச்சுன்னு தெரிஞ்சாதான் டப்பா காலியாகும். காலியானாதான் அடுத்த சேதியைப் போடும். யாரும் பார்க்கலன்னா, சொன்னதையே பிடிச்சுக்கிட்டுக் காலம் பூரா நிக்கும். வேற எதுவும் சொல்லாது. மீசை சார் முதல்ல அதை எழுதறப்ப ஒரு வாரம் இதே மாதிரி கதவு திறக்காம மண்டையை உடைச்சுக்கிட்டு, கடைசில கண்டுபிடிச்சு, அந்த வரியைப் போட்டு, எரிச்சல்ல மேல 'தொடாதே'ன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போனாராம். அன்னிக்கே காரணத்தையும் எழுதியிருந்தா இன்னிக்கு... சரி. அவர் எழுதல, நான் கேட்கல, அவர் படிக்கல. மூணு பேர் செய்ய வேண்டிய தப்பை ரெண்டு பேரே செஞ்சு முடிச்சிட்டோம்.

பேசின் நிரம்புது பாருங்க. ...ஊத்துங்க. ஆங்.

இறங்கிடுச்சு. இப்ப ப்ளக். பிடுங்கியாச்சு. இப்ப சும்மா நிக்கணும், கரண்ட் இல்லாம பூட்டு சூடு ஆறினா அதுவே விட்டுடுமாம். ...நிக்கறது எனக்குக் கஷ்டம் அக்கா, பேசாம நிக்கறது. ...

கேட்டுச்சா? 'டக்'னு. அதுதான். இழுங்க, இப்ப இழுங்க. வந்துச்சா. எடுங்க உங்க யூனிஃபார்மை. நுரை கொஞ்சம் இருக்கு, அந்தக் குழாய்ல ஒரு தடவை அலசிடுங்க. நல்லா முறுக்கிப் பிழிங்க. இல்ல, கழுத்துப் பட்டையை முறுக்காதீங்க, சுருக்கம் போகாது. துண்டுக்குள்ள சுருட்டி ஒரு மிதி மிதிச்சுட்டு அயர்ன் பண்ணினா மத்தியானத்துக்கு மொடமொடன்னு ஆயிடும். அயர்ன் பாக்ஸ் இருக்கு இல்ல உங்ககிட்ட? ...எந்தப் பெட்டில இருக்குன்னு தெரியலையா. வந்து ஒரு வாரம்தானே ஆகுது, அப்படித்தான் இருக்கும். என்னுது இருக்கு. தரேன். இருங்க, இந்த மூடியை மட்டும் மாட்டிட்டு வந்துடறேன், தலையை உள்ள விட்டாதான் மாட்ட முடியும் போல இருக்கு.

யோசிச்சுப் பார்த்தா அக்கா, நான் எடுத்தது பூட்டுக்குக் கிடைச்ச 'ம்'மை. அதுதானே? அர்த்தம் இல்ல, உபயோகம் இல்ல, எங்கயும் வச்சுக்கல. ஆனா அது இல்லன்னா சொல்ற ஆளு அதே இடத்துல நின்னு போயிடறாரு. இன்னிக்கே அந்த வரியைத் திரும்பப் போட்டு, மேல நல்லா விளக்கமா எழுதப்போறேன். 'இது வீண் வரி போலத் தெரியும். இல்லை. கேட்டாச்சு என்று பூட்டுக்குத் தெரிய வேண்டும்.' சோதனை ப்ரோக்ராம் எச்சரிக்கை அடிக்கும். அடிக்கட்டும். பூஜ்யம் போயிடும், அந்தப் போட்டோவை என்ன பண்றதுன்னு தெரியல. வச்சுக்கறேன், அழகாத்தான் இருக்கு. என்ன சொல்றீங்க?

...அக்கா?

இந்த மூடி ஒரு பக்கம் மாட்டினா இன்னொரு பக்கம் வருது. நான் என்ன சொல்ல வந்தேன்னா, நாளைக்குக் காலைல இது எல்லா ஊருக்கும் போயிருந்தா எத்தனை பேரு இப்படி ஈரத் துணியைக் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டு... அக்கா, இருக்கீங்களா?

...போயிட்டாங்க. படியெல்லாம் சொட்டு சொட்டா தண்ணி. சரிதான், முதல் நாள் வேலைக்குப் போறவங்க, என் கதையைக் கேட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பாங்க. அயர்ன் பாக்ஸ் வாங்காமயே போயிட்டாங்களே. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்றேன்.

ஏங்க. நான்தான். கீழ இருக்கேன், துணி துவைக்கற இடத்துல. நல்லா கேளுங்க, அவசரம். அலமாரிக்குக் கீழ அயர்ன் பாக்ஸ் இருக்கு, அதை எடுத்துக்கிட்டு மூணாவது மாடில புதுசா வந்திருக்காங்களே ஒரு அக்கா, நர்ஸ், படில தண்ணி சொட்டிக்கிட்டே போயிருக்கும், அந்த வீடு, அங்க உடனே கொண்டு போய்க் குடுங்க. அவங்க மத்தியானம் வேலைக்குப் போயாகணும். கேட்டுச்சா?

...

கேட்டுச்சாங்க?

...

கட் ஆயிடுச்சா? இல்லையே, போன்ல நேரம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க லைன்ல இருக்கீங்களா, இல்ல போனை வச்சுட்டு எழுந்து போயிட்டீங்களா? எனக்கு ஒண்ணும் தெரியல. நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா, இல்ல திரும்ப முதல்ல இருந்து சொல்லணுமா, அலமாரிக்குக் கீழயா மேலயா...

...

ஏங்க. நான் அன்னிக்கு ஒண்ணு சொன்னேன் இல்ல, சொல்றதுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க, இல்லன்னா சும்மா இருங்கன்னு. அதை எடுத்துடுங்க. அது தப்பு. எப்படித் தப்புன்னு ஒரு பூட்டை வச்சுத்தான் விளக்கணும், அது பெரிய கதை. இப்ப நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பதில் வேண்டாம், கருத்து வேண்டாம். கேட்டுக்கிட்டு இருந்தா, ஒரே ஒரு தடவை... பழைய மாதிரி...

...

ஆங்.

அது போதும். அயர்ன் பாக்ஸை எடுத்துட்டீங்களா? ...ஆங். சரி, படி வழியா போங்க, லிஃப்ட்டுல போன் கேக்காது. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. முந்தாநேத்து எங்க மேனேஜர் கதையை வேற நீங்க பாதிலயே விட்டுட்டு எழுந்து போயிட்டீங்க. அதுல இருந்து சொல்றேன். நடந்துக்கிட்டே கேளுங்க, அங்கங்க ஒண்ணு போட்டுக்கிட்டே வாங்க.